வீட்டுத் தோட்டத்திற் புளூபெரி வளர்த்தல்

நமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று பல நாடுகளிற் பரந்து வாழ்கின்றனர். றொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வீடு வாங்கியோர் பலருக்கு வீட்டின் பின்னே சிறு நிலமொன்று வாய்த்திருக்கின்றது. யாழ்ப்பாணத்து வளவொன்றிற் பிறந்து வளர்ந்தவன் அந்நிலத்தில் வெறும் புல்லை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருத்தல் அரிது. முதலாண்டில் மிளகாயும் கத்தரியும் நடுவான். இரண்டாம் ஆண்டிற் பாகற்கொடிக்குப் பந்தலிடுவான். மூன்றாம் ஆண்டிற் பிள்ளைகள் விரும்பியுண்ணும் புளூபெரிப் பழத்தைக் கடையில் வாங்குவானேன், நாமே விளைவித்தாலென்ன என்று எண்ணுவான். அவ்வாறெண்ணிச் செடி வாங்கி நட்டு, மூன்று ஆண்டுகள் பேணியும் அதனைப் பறிகொடுத்தோருள் யாமும் அடங்குவோம். விழா மலருக்குப் பயன்படு பொருளொன்றைப் பற்றி எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது இப்பொருளே எம் நினைவுக்கு வந்தது. நன்கு நடப்பெற்ற புளூபெரிச் செடி முப்பது நாற்பது ஆண்டுகள் காய்க்க வல்லது. தவறாக நடப்பெற்றதோ உடனே சாகாது. ஆண்டுக்காண்டு வெளிறி, நட்டவனுடைய காலத்தையும் வீணாக்கிய பின்னரே சாகும். ஆதலின் இச்செடியின் இயல்பைச் செடி வாங்குமுன்னரே அறிதல் வேண்டும்.

புளூபெரி, வக்சினியம் என்னும் சாதியைச் சேர்ந்தது. அச்சாதி எரிக்கேசியே குடும்பத்துள் அடங்கும். இக்குடும்பம் நமக்கு முற்றிலும் அயலானதன்று. ஓட்டன் சமவெளிக்குச் சுற்றுலாச் சென்ற மாணவர் ஆங்கே செந்நிறப் பூங்கொத்துகளோடு நிற்கும் உரோடோடெந்திரன் மரத்தைக் கண்டிருப்பர், அஃது இக்குடும்பத்தினதே. அம்மலைகளிலேயே வக்சினியம் லெச்செனால்ற்றி என்னும் சிறுமரமும் இயற்கையாக வளர்கின்றது. அதனைப் புளூபெரியின் ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். இவை யாவும் மழை மிக்க, சுண்ணாம்பற்ற, புளித்த மண்ணை நாடுவன. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலே, ஊசியிலைக் காடுகளின் ஓரத்து மணற்பாங்கான சதுப்புகளில் வளர்ந்த காட்டுப் புதரே இன்று தோட்டத்தில் வளர்க்கப்படும் உயர்புதர்ப் புளூபெரி. தாவரவியலார் அதனை வக்சினியம் கோரிம்போசம் என்பர்.

இச்செடியின் வேரைப் பறித்துப் பார்ப்பவர் வியப்படைவர். மயிர்போல நுண்ணிய நார்வேர்களே அதற்கு உண்டு. ஏனைச் செடிகளின் வேர்களிற் காணப்படும் வேர்மயிர்கள் அதற்கில்லை. அக்குறையை நிறைவிக்கும் பொருட்டு நுண்பங்கசுகள் அவ்வேர்களோடு கூடி வாழ்ந்து மண்ணிலிருந்து உணவை எடுத்துக் கொடுக்கின்றன. வேர்களிற் பெரும்பாலானவை மேன்மண்ணின் ஓரடி ஆழத்துக்குள்ளேயே பரவி நிற்கும். மேல்வேர்ச் செடியாதலால் வறட்சியும் தாங்காது. வேர் மூச்சுவிட வேண்டுமாதலால் தேங்கிய நீரும் தாங்காது. ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும், புளிப்பும் வேண்டும் என்பது இதன் பிடிவாதம்.

இப்பிடிவாதத்தை உலகம் அறிந்துகொண்டது அண்மையிலேயே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் புளூபெரியைத் தோட்டத்தில் வளர்க்க இயலாது என்றே பலரும் கருதினர். காட்டிலிருந்து புதரைப் பெயர்த்து வந்து, உழுது எருவிட்டுச் சுண்ணாம்பும் தூவிய நல்ல நிலத்தில் நட்டனர், அது செத்தது. ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தாவரவியலாளர் பிரெடெரிக் கோவில் என்பார் (பெயர் நம்மவர் செவிக்குப் பழகியதாக ஒலிப்பினும் அவருக்கும் ஆலயத்துக்கும் தொடர்பில்லை) 1906ஆம் ஆண்டு முதல் இதனை ஆராய்ந்து, எந்தப் பண்பினால் ஒரு மண் நல்ல மண் எனப்படுகின்றதோ அந்தப் பண்பே இச்செடிக்கு நஞ்சாகின்றது என்று கண்டார். 1910இல் அவர் வெளியிட்ட ஆய்வறிக்கை நியூ யேர்சி மாநிலத்தில் வைற்சுபொக் என்னுமிடத்திலிருந்த எலிசபெத் வைற் என்னும் பெண்மணியின் கைக்கு எட்டியது. அவர் தந்தையார் கிரான்பெரி பயிரிட்டவர். அதுவும் சதுப்புநிலப் பயிரே. 1911இல் அவ்வம்மையார் கோவிலுக்குக் கடிதம் எழுதித் தம் நிலத்தை ஆய்வுக்கு ஈந்தார். அவர் செய்த மற்றொரு செயல் எமக்கு மிகவும் பிடித்தது. காட்டிலே பழம் பொறுக்கும் மக்களிடம் ஓர் அங்குலத்தின் எட்டில் ஐந்து பங்கு விட்டமுள்ள துளையிட்ட அளவுகருவியைக் கொடுத்து, அத்துளையினூடே விழாத பெரும் பழம் காய்க்கும் புதரைக் காட்டுவோர்க்குப் பணம் தருவதாக அறிவித்தார். புதருக்கு அதனைக் கண்டவர் பெயரையே சூட்டினார். றூப் லீக் என்பவர் காட்டிய புதர் ‘றூபெல்’ ஆயிற்று; அவ்வினம் இன்றும் பயிரிடப்படுகின்றது. இப்புதர்களைப் பெருக்கியும் ஒன்றோடொன்று கலந்தும் பெற்ற பயிரின் முதல் விளைச்சல் 1916இல் விற்பனைக்குச் சென்றது. ஏட்டறிவும் காட்டறிவும் ஒருங்கு கூடியதனாலே பிறந்த பயிர் இது.

இனி, மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவோம். புளிப்பையும் காரத்தையும் அளப்பதற்கு விஞ்ஞானிகள் பீ.எச். என்னும் அளவுகோலைப் பயன்படுத்துவர். 7 என்பது நடுநிலை, அதற்குக் குறைந்தது அமிலம், கூடியது காரம். ஓர் எண் குறையுந்தோறும் அமிலத்தன்மை பத்து மடங்காகும். ஆகவே பீ.எச். 5 உள்ள மண், 7 உள்ள மண்ணைவிட நூறு மடங்கு அமிலமுடையது. புளூபெரி வேண்டுவது 4.5 முதல் 5.5 வரையுள்ள மண். நம் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணோ சுண்ணக்கற்பாறையின்மீது படிந்து கிடப்பது. றொறன்ரோவைச் சூழ்ந்த தென் ஒன்ராறியோ மண்ணும் பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்ததே. அதே மாகாணத்தின் வடக்கே சட்பரி நகரைச் சூழ்ந்த அமிலப் பாறைநிலத்தில் நிலம்படர் புளூபெரி தானே விளைந்து கிடக்கின்றது. மேற்கே வன்கூவரை அடுத்த பிறேசர் ஆற்றுச் சமவெளியின் புளித்த மண்ணிலே பெருந்தோட்டங்கள் செழிக்கின்றன. ஒரே நாட்டிற்குள் இவ்வளவு வேற்றுமை. எனவே நண்பரொருவர் வன்கூவரிற் செய்ததை மற்றொருவர் றொறன்ரோவிற் செய்தல் ஆகாது.

எமது முதல் முயற்சி இவ்விடத்தேதான் பிழைத்தது. செடி விற்ற கடையார் மண்ணைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை. தந்தையார் தோட்டத்தில் வாழைக்கும் மரக்கறிக்கும் அடுப்புச் சாம்பல் இடக் கண்டிருந்தோமாதலின், குளிர்காலத்தில் எரித்த விறகின் சாம்பலை அள்ளி மூன்று செடிகளின் அடியிலும் பரப்பினோம். சாம்பல் காரமுடையது, சுண்ணாம்பு இட்டதற்கு ஒப்பானது. அடுத்த கோடையில் இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாய் நின்றன. நைத்திரசன் குறைவு என்றெண்ணி மாட்டெரு இட்டோம். நோய் மிகுந்தது. நரம்பு பசுத்து இடைவெளி மஞ்சளித்தல் இரும்புக் குறைவின் அடையாளம் என்பதை அப்பொழுது அறியோம். மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. கார மண்ணில் அது கரையாத நிலையிற் கிடந்து வேருக்கு எட்டாது போகின்றது. மூன்றாம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் மூன்று செடிகளையும் பிடுங்கி எறிந்தோம். தந்தையார் கற்பித்தது தவறன்று. அவர் மண்ணுக்கும் அவர் பயிருக்கும் அது பொருந்திற்று. யாமே அதனை இடமறியாது கொண்டுவந்தோம்.

ஆகவே செடி வாங்குமுன் மண்ணைச் சோதித்தல் வேண்டும். ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் நன்று. அதற்கு முன் வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனையொன்று உண்டு. உலர்ந்த மண்ணில் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினாகிரி ஊற்றுக. சீறி நுரைக்குமாயின் மண்ணிற் சுண்ணாம்பு உண்டென்று கொள்க. அவ்வாறு நுரைக்கும் நிலத்தைப் புளிப்பாக்க முயல்தல் வீண் என்பதை ஒரு கணக்கினாற் காட்டலாம். ஒரு சதுர மீற்றர் பரப்பில் 20 சதமமீற்றர் ஆழத்து மண் ஏறக்குறைய 260 கிலோகிராம் நிறையுடையது. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டுமே சுண்ணாம்பு எனினும் 2.6 கிலோகிராம் ஆயிற்று. நூறு பங்கு சுண்ணாம்பை முறிக்க 32 பங்கு கந்தகம் வேண்டும். ஆகவே 830 கிராம் கந்தகம் இட்டால்தான் அச்சுண்ணாம்பு தீரும். மண் புளிக்கத் தொடங்குவது அதன் பின்னரே. தோட்ட நூல்கள் சாதாரண நிலத்துக்குச் சொல்லும் கந்தகமோ சதுர மீற்றருக்கு நூறு கிராமை அடுத்த அளவினது. சுண்ணாம்பு நூற்றுக்குப் பத்தாயின் எட்டுக் கிலோகிராமுக்கு மேல் வேண்டும். அவ்வளவு கந்தகத்தை இட்ட மண்ணில் எச்செடியும் வாழாது.

நுரைக்காத மண், பீ.எச். 6 அளவிலிருக்குமாயின், கந்தகத்தூளினால் திருத்தலாம். கந்தகம் தானே அமிலமன்று. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைக் கந்தகவமிலமாக மாற்றுதல் வேண்டும். அதற்கு வெப்பமும் ஈரமும் பல மாதங்களும் தேவை. எனவே நடுவதற்கு முந்திய ஆண்டிலேயே கந்தகத்தைக் கலந்து விடுதல் முறை. விரைவுக்காக அலுமினியம் சல்பேற்று இடுவோர் உளர். அலுமினியம் மிகுந்தால் வேருக்குக் கேடு என்க. குடித்த கோப்பியின் சக்கையையும் பைன் ஊசியிலையையும் இட்டால் மண் புளிக்கும் என்று பலரும் சொல்வர். அவை மேல்மூடாக்குக்கு நல்லவை. கார மண்ணை மாற்றும் வலி அவற்றுக்கு இல்லை.

சுண்ணாம்பு நிலத்தார்க்கு யாம் கூறும் வழி, நிலத்தை விட்டு மேலெழுதலே. ஓரடிக்குக் குறையாத உயரத்திற் பலகையாற் சட்டமிட்டு, பைன் மரப்பட்டைத் துண்டுகளும் எரிக்கேசியே குடும்பச் செடிகளுக்கென விற்கும் அமிலக் கலவையும் சேர்த்து நிரப்பிப் பாத்தி அமைக்கலாம். சீமெந்துக் கல்லாற் கட்டலாகாது. அதிலிருந்து சுண்ணாம்பு கசியும். அதே காரணத்தால் வீட்டுச் சுவரை ஒட்டியும் நடலாகாது. இடமில்லாதோர் 40, 50 லீற்றர் கொள்ளும் தொட்டியில் நடலாம். எமது இப்போதைய செடிகள் தொட்டியிலேயே நிற்கின்றன. தொட்டியில் நிற்கும் செடியின் வேர், நிலத்திலுள்ள வேரைக் காட்டிலும் எளிதிற் குளிரினால் உறைந்து சாகும். கனடாவிலுள்ளோர் மாரியில் தொட்டியை நிலத்திற் புதைத்தோ, வெப்பமூட்டப்படாத வாகனக் கொட்டிலுள் வைத்தோ காத்தல் வேண்டும்.

மண்ணைத் திருத்தியவர் பலர் தண்ணீரில் தவறுவர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் காய்ச்சிய கேத்திலின் அடியில் வெண்படை படிவதைக் கண்டவர்கள் நாம். இலண்டனிலும் குழாய்நீர் அத்தகையதே. சோக்குப் பாறையினூடே ஊறி வருவது. அந்நீரை நாடோறும் ஊற்றுதல் நாடோறும் சிறிது சுண்ணாம்பு இடுதலாகும். இரண்டு கோடையில் தொட்டி மண் கெட்டுவிடும். கூரைநீரைப் பீப்பாயிற் பிடித்து வைத்து ஊற்றுதலே சிறந்தது. மழைநீர் தீர்ந்துபோய்ச் செடி வாடுமாயின் குழாய்நீரை ஊற்றலாம். வாடிச் சாவதிலும் அது மேல். ஆனால் அதனையே வழக்கமாக்கலாகாது.

இனி இனத்தெரிவு. புளூபெரிக்குக் குளிர்காலத்துறக்கம் வேண்டும். குளிர் பெறாத செடி வசந்தத்தில் ஒழுங்காகத் துளிர்க்காது என்பதையும் கோவிலே ஆராய்ந்து 1920இல் எழுதினார். வடபுல உயர்புதர் இனங்கள் 7 பாகை செல்சியசுக்குக் கீழ் 800 முதல் 1000 மணிநேரம் வரை குளிர் வேண்டுவன. இங்கிலாந்தும் தென் ஒன்ராறியோவும் அக்குளிரை எளிதில் அளிக்கும். அவ்விடத்தார்க்கு 1952இல் வெளிவந்த புளூகுறொப் என்னும் இனத்தை முதலிற் சொல்வோம். அதனினும் சுவை மிக்கன உள. ஆனால் பழகாத கைக்கு அதுபோல விட்டுக்கொடுப்பது வேறில்லை. முன்பருவத்துக்கு டியூக் நன்று. அது தாமதமாகப் பூத்து விரைவிற் பழுப்பதாதலின் வசந்தகாலப் பின்னுறைபனிக்குத் தப்பும். பின்பருவத்துக்கு எலியற் உண்டு, சற்றுப் புளிப்பானது. இம்மூன்றையும் ஒருங்கு நட்டால் யூலை முதல் செத்தெம்பர் வரை பழம் உண்டு. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 1983இல் வெளியிட்ட நோத்புளூ மூன்றடிக்கு மேல் வளராதாதலின் பனிமூட்டத்துள் மறைந்து கடுங்குளிருக்குத் தப்பும்; மனிற்றோபா போன்ற இடத்தார்க்கு ஏற்றது. சிட்னி போன்ற மென்குளிர் நகரத்தார் தென்புல உயர்புதர் இனங்களையே கேட்டு வாங்குதல் வேண்டும். ஷாப்புளூ, மிஸ்ரி என்பன அவற்றுட் சில. இனப்பெயர் எழுதப்படாத செடியை எவ்வளவு மலிவாயினும் வாங்கற்க.

யாழ்ப்பாணத்திலுள்ளோர் இதனை நடலாமோ என்று கேட்பாருளர். குளிர் மாத்திரமே தடையென்று சொல்ல இயலாது. 1998இல் வெளியிடப்பட்ட பிலொக்சி போன்ற இனங்கள் மிகக் குறைந்த குளிரோடு அமைவன; அவற்றைக் கொண்டே பெரு நாட்டார் கடலோரப் பாலைநிலத்தில், நீரையும் அமிலமாக்கிச் சொட்டுச் சொட்டாய்ப் பாய்ச்சி, உலகச் சந்தைக்குப் பழம் அனுப்புகின்றனர். அது பெருமுதலின் வேலை. சுண்ணாம்பு நிலமும் சுண்ணாம்பு நீரும் உள்ள வளவிலே, அந்த உழைப்பிற் பாதியைக் கொடுத்தால் மாதுளையும் தேசியும் பத்து மடங்கு தரும். நுவரெலியாவிலுள்ளோர் முயன்று பார்க்கலாம். தேயிலை விரும்பும் புளித்த மண்ணே இதுவும் விரும்புவது.

நடுங்கால் ஒவ்வொரு செடிக்கும் நாலைந்தடி இடைவெளி விடுக. நாளொன்றுக்கு ஆறு மணிநேரமாவது வெயில் விழும் இடம் வேண்டும். மேலே மூன்று நான்கு அங்குலத்துக்கு மரப்பட்டைத்துண்டு பரப்பி, ஆண்டுதோறும் புதுப்பித்து வருக. நம் கமக்காரர் பனையோலையும் பூவரசங்குழையும் தாழ்த்து மண்ணைப் பேணினரன்றோ. அக்கருத்து இங்கும் செல்லும், ஆனால் இங்கே மண்வெட்டி கூடாது. மேல்வேர் அறுந்துவிடுமாதலாற் களையைக் கையாற் பிடுங்குதலே தக்கது. பசளையாக அமோனியம் சல்பேற்று இடலாம். இச்செடி நைத்திரேற்றைவிட அமோனியத்தையே எளிதில் ஏற்கும். முதலாண்டில் 30 கிராமுக்கு மேற்படாமல், வசந்தத்தில் இருமுறையாகப் பகுத்து, தண்டைத் தொடாது தூவுக. ஆடியின் பின் இடற்க. பிந்தித் துளிர்க்கும் தளிர் குளிரிற் கருகும். பொற்றாசியம் குளோரைட்டும் சாம்பலும் புதிய எருவும் ஒருபோதும் வேண்டா.

முதலிரண்டு ஆண்டும் பூவைக் கிள்ளிவிடுதல் வேண்டும். இது செய்தற்கரிய செயல். பிள்ளைகள் பார்த்து நிற்க, வெண்ணிறச் சிறுகுடங்களைக் கவிழ்த்தாற்போலத் தொங்கும் பூக்களைக் கிள்ளி எறிய யாருக்கு மனம் வரும்? எமது இரண்டாம் முயற்சியில் ஒரு செடியிற் கிள்ளினோம். இளைய மகளின் பொருட்டு மற்றொன்றில் விட்டுவைத்தோம். அவள் அவ்வாண்டு பதினொரு பழம் உண்டாள். ஐந்தாம் ஆண்டிற் கிள்ளிய செடி தோளுயரம் நின்றது, மற்றது இடுப்பளவே. ஆயினும் அப்பதினொரு பழத்தை அவள் இன்றும் பேசுகின்றாளாதலால் அதனை முழுத் தவறென்று சொல்லத் துணிகிலேம்.

பூவின் மகரந்தப்பைகள் மிளகுத்தூட் குப்பிபோல நுனியிலே துளையுடையன. குலுக்கினாலன்றித் தூள் உதிராது. பருத்து மயிரடர்ந்த பம்பிள் தேனீயானது பூவைப் பற்றிக்கொண்டு தன் தசைகளை அதிர்த்து அதனை உதிர்க்கின்றது. பூக்குங் காலத்திற் பூச்சிமருந்து தெளிப்பவன் தன் விளைச்சலைத் தானே அழிப்பவனாவான். உயர்புதர் இனங்கள் தம் மகரந்தத்தாலேயே காய்க்கும். எனினும் வேறினம் அருகில் நின்றாற் பழம் பெரிதாகும், விரைவிற் பழுக்கும். இரண்டினங்களாவது நடுக என்பது அதனாலேயே.

கத்தரிப்பைப் பலர் அஞ்சுவர். மூன்றாண்டு வரை நோயுற்ற கிளையையன்றி வேறொன்றும் வெட்ட வேண்டுவதில்லை. பின்னர்ப் பனிக்காலத்தின் இறுதியில், ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட முதுதண்டுகளில் ஒன்றிரண்டை அடியோடு அறுத்து, அவற்றுக்கீடாக எழும் புதுத்தண்டுகளுட் கொழுத்தனவற்றை விடுக. சென்ற ஆண்டு வளர்ந்த கிளையிலேயே பழம் பிடிக்கும். நுனியிற் பருத்துருண்ட அரும்பு பூவரும்பு, கீழே ஒட்டிக்கிடக்கும் கூரிய அரும்பு இலையரும்பு. இவ்வேறுபாட்டை ஒருமுறை கண்ணாற் கண்டுகொண்டால் அச்சம் நீங்கும்.

பழம் நீலமானவுடன் பறிப்பதே புதியவர் செய்யும் இறுதிப் பிழை. நீலமாகிய பின்னும் ஐந்தாறு நாள் செடியில் நிற்றல் வேண்டும். சர்க்கரை ஏறுவது அப்பொழுதுதான். பறித்தபின் அது மேலும் இனிக்காது. காம்படியிற் செந்நிற வளையம் இருப்பின் இன்னும் காத்திருக்க. பெருவிரலால் மெல்ல உருட்டினால் உள்ளங்கையில் தானே விழுவதே பழுத்த பழம். ஆனால் நாம் காத்திருக்கும் அவ்வைந்து நாளும் பறவை காத்திராது. கனடாவில் றொபினும் இங்கிலாந்தில் கரும்பறவையும் விடியுமுன் வந்துவிடும். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் சட்டம் நிறுத்தி, அதன்மேல் வலையை இறுக இழுத்துக் கட்டுக. செடியின்மேல் தளரப் போர்த்தினாற் பறவை சிக்கிச் சாகும். பழத்தின்மேற் படிந்திருக்கும் வெண்மெழுகு அதன் காவலாதலின் உண்ணும் பொழுதன்றிக் கழுவலாகாது. கழுவாது குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். முதிர்ந்த செடியொன்று பத்து இறாத்தல் வரை காய்க்குமாதலால் அண்டை வீட்டார்க்குக் கொடுத்தும் மிஞ்சுவதை, ஈரமின்றிப் பரப்பி உறையவைத்துப் பைகளிலிட்டால், தை மாதத்துப் பனியிலும் எடுத்து உண்ணலாம்.